பிள்ளையைத் தனிய அனுப்பலாமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். எங்கள் வேலணைக் கடைகளைப் பற்றியும், அந்தக் கடைகளுக்குப் போகிற எங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

போன தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு வர்த்தகப் பாடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். "நீங்கள் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடைக்கு ஏன் போகிறீர்கள் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்." இவ்வளவுதான். புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது. விலை, தரம், அமைவிடம், தெரிவு, சேவை. சில பிள்ளைகள் அதையே பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். உண்மையாகக் கேட்டு எழுதியவர்களின் கொப்பிகளில் வேறு விதமான விடைகள் இருந்தன.

"அங்க வாங்கு போட்டிருக்கு, அப்பப்பா இருந்து பேப்பர் பார்க்கலாம்."

"மிச்சக் காசுக்கு ரொபி தரமாட்டார்."

"வாங்காமல் திரும்பி வந்தாலும் முகத்தைச் சுழிக்கமாட்டினம்."

"அம்மாட்டைக் காசு இல்லாட்டிலும் தருவினம்."

ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "அம்மம்மா சொன்னவ, அந்தக் கடைக்கு எண்டா உன்னைத் தனிய அனுப்பலாமாம்."

புத்தகத்தில் இருக்கிற ஐந்து விடைகளையும் விட அந்த அம்மம்மாவின் விடை பெரியது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் ஐந்நூறு ரூபாவோடு கடைக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தராசைப் பார்க்கத் தெரியாது. பைக்கற்றில் திகதி முடிந்துவிட்டதா என்று பார்க்காது. மிச்சக் காசைச் சரியாக எண்ணாது. விலை கூட என்று வாதாடாது. நாங்கள் பெரியவர்கள் கடையில் கண்ணாலும் வாயாலும் செய்கிற காவல் எதுவும் அந்தப் பிள்ளையிடம் இல்லை. அப்படியிருந்தும் சாமான் சரியான நிறையில், நல்லதாக, மிச்சக் காசோடு வீட்டுக்கு வந்து சேருகிறது என்றால், அந்தக் கடையில் யாருமே காவல் இருக்கத் தேவையில்லை. கண்ணில் வெண்படலம் விழுந்த பாட்டியும் போகலாம். ஊருக்குப் புதிதாக வந்து விலைவாசி தெரியாதவரும் போகலாம்.

எங்கள் தீவுகளில் இதற்குப் பெறுமதி இன்னும் கூட. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று எந்தப் பக்கம் போனாலும், பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வளவுக்குள் தாயும் தகப்பனும் தனியாக இருக்கிற வீடுகளைக் காணலாம். அங்கிருந்து மகன் கடைக்காரருக்குத்தான் போன் எடுக்கிறார். "அண்ணை, அம்மாவுக்கு அரிசியும் மாவும் குடுத்துவிடுங்கோ, நான் காசு போட்டுவிடுறன்." அவர் கேட்பது சாமானை மட்டும் இல்லை. கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியன் வந்து, "அம்மா எழும்பி நடந்து திரியிறா" என்று சொல்லவேண்டும். அந்தச் செய்திக்கும் சேர்த்துத்தான் அவர் அந்தக் கடையைப் பிடித்து வைத்திருக்கிறார்.

தனியே வருகிற பிள்ளைக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்பதும் இதற்குள் அடங்கும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளோ மதுவோ விற்கக்கூடாது. "அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு வா" என்று பிள்ளையை அனுப்புகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. "அப்பாவை வரச் சொல்லும்" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரருக்கு அந்த நேரத்தில் ஒரு வியாபாரம் போகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் அதை மறக்கமாட்டார்.

நிறுவையைப் பற்றி ஒரு வார்த்தை. இது பழைய விசயம். அல்குர்ஆனில் 83ஆவது அத்தியாயத்தின் பெயரே அளவையில் குறைப்பவர்களைக் குறிப்பது. தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து, மற்றவருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்கான எச்சரிக்கையோடுதான் அது தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரமாக இருந்ததும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொல்ல, அப்படியானால் நனைந்ததை எல்லாரும் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்று அவர்கள் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகி இருக்கிறது. திருவள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் 120ஆவது குறளாக வைத்திருப்பதும் வணிகத்தைத்தான். மற்றவரின் பொருளைத் தன் பொருள்போலப் பார்க்கவேண்டும் என்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும் இடத்திலும் இதே கதைதான். வாங்கும்போது கூட எடுக்காதவர்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த புகழ். கடை பெரிது, அலங்காரம் அழகு என்று யாரும் பாடவில்லை.

இன்றைக்கு இதற்குச் சட்டமும் இருக்கிறது. கடைத் தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் பரிசோதித்து முத்திரை குத்தவேண்டும். பைக்கற்றில் அச்சடித்த அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இவற்றைப் பிள்ளைகளுக்கு நான் கட்டாயம் படிப்பிக்கிறேன். ஆனால் அரைக் கிலோ சீனிக்கு 1977 ஐ அழைக்கிறவர் எங்கள் ஊரில் யார்? ஒருவரும் இல்லை. பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். கடைக்காரருக்கு ஏன் என்று கடைசி வரைக்கும் தெரியாது. கட்டிவைத்த சீனிப் பையைக் கேட்காமலே ஒருதரம் தராசில் வைத்துக் காட்டுகிற கடைக்காரர்கள் வங்களாவடியிலும் இருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் நிறுத்துப் பார்க்கக் கேட்பதில்லை.

சரி, ரவுணுக்கு ஏன் போகிறோம்? பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சுப்பர்மார்க்கற்றில் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல இந்தப் பதிவை நான் எழுதவில்லை. அங்கே சில விசயங்கள் உண்மையிலேயே நல்லவை.

முதலாவது, தொட்டுப் பார்க்கலாம். சந்தையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்காமல், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல், மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? பலசரக்குக் கடையில் மட்டும் அந்தச் சுதந்திரம் முன்பு இருக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் முதலாளி, சாமான் எல்லாம் அவருக்குப் பின்னால். உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. 1916இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடையைத் திறந்து, வாடிக்கையாளர் தாங்களே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கொண்டு வரலாம் என்று ஆக்கினார். இன்றைய சுப்பர்மார்க்கற்றுகளுக்கு வழி அங்கேதான் தொடங்கியது. அவர் ஆட்கூலியை மிச்சம் பிடிக்கத்தான் அதைச் செய்தார். சனங்களுக்கு அதில் கிடைத்தது, எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி வைக்கிற உரிமை.

இரண்டாவது, விலை எழுதியிருக்கும். கையில் இருக்கிற காசு கொஞ்சம் என்றால், "இது என்ன விலை, அது என்ன விலை" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்பது கூச்சம். எழுதி வைத்திருந்தால் கேட்கத் தேவையில்லை.

மூன்றாவதை ஒரு சக ஆசிரியை சொன்னார், நான் யோசித்தே பார்க்காதது. "சேர், ஒரு பொம்பிளைப் பிள்ளை பாட் வாங்கப் போனா, முன்னுக்கு நாலு ஆம்பிளையள் நிக்க, முதலாளியிட்டை வாய் திறந்து கேக்கவேணும். அவர் அதைப் பேப்பரிலை சுத்திக் கறுப்புப் பையிலை போட்டுத் தாறதைப் பாக்கேக்கையே எல்லாருக்கும் விளங்கும். ரவுணிலை எண்டா எடுத்துக் கூடைக்குள்ள போட்டுக்கொண்டு வரலாம்." உண்மை. எங்கள் கடைக்காரர்கள் இதை வாசித்தால், அந்தச் சாமான்களை மட்டுமாவது பிள்ளைகள் தாங்களே எடுக்கிற மாதிரி ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

ஆகவே ரவுண் கடையில் கிடைப்பது, யாரும் எங்களைப் பார்க்காத ஒரு நிம்மதி. ஊர்க் கடையில் கிடைப்பது, எங்களைத் தெரிந்த ஒருவர். மனிசருக்கு இரண்டும் தேவை. நான் வேலணைக்கு வந்த முதல் வருசம், நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது, நான் போகிற கடை ஐயா கேட்டார். "சேர், நோன்பு எப்ப துவங்குது? பேரீச்சம்பழம் எடுத்து வைக்கட்டோ?" அந்தக் கடைக்கு வருகிற முஸ்லிம் நான் ஒருவன்தான். ஒரு பெட்டி எடுத்தால் மிச்சம் அவருக்குத்தான் தேங்கும். அப்படியும் எடுத்து வைத்தார். எந்தச் சுப்பர்மார்க்கற்றிலும் பேரீச்சம்பழம் இதைவிட நல்லதாகக் கிடைக்கும். ஆனால் நோன்பு எப்போது என்று அங்கே என்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி, எல்லாரும் அறிந்தும் யாரும் பேசாத விசயத்துக்கு வருகிறேன். கடன் கொப்பி.

பிள்ளைகளின் விடைகளில் "காசு இல்லாட்டிலும் தருவினம்" என்பதைத்தான் பலரும் சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள். தொழிலுக்குப் போகமுடியாத காற்றுக் காலத்தில் கடற்றொழிலாளி வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கொப்பியால்தான். வெளிநாட்டுக் காசு பிந்துகிற மாதம், கூலிவேலை இல்லாத மழைக்காலம், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்த கிழமை, எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டுக் கேட்பார்கள், பிணை கேட்பார்கள். கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதுகிறார். மற்றவர்களுக்குக் கேட்காமல் எழுதுகிறார் என்பதுதான் முக்கியம். கடன் தருகிற கடைகள் எல்லாம் ஒன்றல்ல. சத்தமாகப் பழைய பாக்கியை வாசித்துவிட்டுத் தருகிற கடைக்குச் சனம் வேறு வழி இல்லாமல்தான் போகும். சத்தமில்லாமல் எழுதுகிற கடைக்குக் காசு இருக்கும்போதும் போகும்.

ஆனால் கடன் கொடுக்கிற கடை நிற்குமா? இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1844இல் இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடை திறந்தார்கள். நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களும். வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி, இவ்வளவுதான் முதலில் விற்றார்கள். அந்தக் காலத்தில் மாவில் கலப்படம், நிறையில் களவு. இவர்கள் வைத்த கொள்கை, கலப்படம் இல்லாத சாமான், முழு நிறை, இலாபத்தை வாங்கியவர்களுக்கே பங்கிடுவது. அதோடு இன்னொன்றும். கடன் கிடையாது. அதற்கு முன்பு இப்படித் தொடங்கிய கடைகள் பல கடன் கொடுத்தே விழுந்துபோனதைக் கண்டவர்கள் அவர்கள். உலகத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அந்தக் கடையைத்தான் தாய் என்று சொல்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பங்கீட்டோடு இலங்கை முழுக்கப் பெருகிய கூட்டுறவுக் கடைகளும், எங்கள் ஊரவர் 'கூப்பன் கடை' என்றும் 'சங்கக் கடை' என்றும் சொல்கிறவையும் அந்த வழியில் வந்தவைதான்.

அந்த நெசவாளர்கள் கடனுக்கு ஏன் பயந்தார்கள் என்பதை 2022இல் நாங்கள் கண்ணால் பார்த்தோம். பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டிய கணக்கு இது. 2022 தொடக்கத்தில் 400 கிராம் பால்மா பைக்கற் 540 ரூபா. ஒரு கடைக்காரர் பத்துப் பைக்கற்றைக் கடனுக்குக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். கொப்பியில் 5400 ரூபா. மார்ச் மாதத்தில் அதே பைக்கற் 790 ரூபா ஆனது. ஏப்ரலில் எல்லாரும் நேர்மையாகப் பழைய கடனைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். ஒரு சதம் மிச்சமில்லை. விற்பனை விலையில் கணக்குப் பார்த்தால், அந்த 5400 ரூபாவுக்கு அவருக்குத் திரும்ப வருவது ஆறு பைக்கற். மிச்சம் 660 ரூபா. மூன்று பைக்கற்றுக்கு மேல் காற்றோடு போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை. அப்படியும் கடையின் முதலில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. அந்த வருசம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். பத்திரிகையில் அந்த இலக்கத்தை வாசித்தவர்கள் பலர். அதைத் தட்டுகளில் வெறுமையாகப் பார்த்தவர்கள் சின்னக் கடைக்காரர்கள். அப்படியும் கொப்பியை மூடாமல் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஒரு கடையை ஊர் எப்போது எடைபோடுகிறது என்றால், தட்டுப்பாட்டு நேரத்தில்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டில் எப்படி இருந்தது என்பதை அப்போது இங்கே இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கப்பலில் வருகிற சாமானுக்குக் குடும்ப அட்டையோடு சங்கக் கடை வாசலில் விடியமுன் வரிசை. யார் சீனியைப் பின்னறையில் பதுக்கினார், யார் இருந்ததை அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார் என்று பெயர் சொல்லிச் சொல்கிறார்கள். இத்தனை வருசத்துக்குப் பிறகும் மறக்கவில்லை. 2022இலும் அப்படித்தான். "எனக்கு இரண்டு தாருங்கோ" என்று கேட்டவரிடம் "ஒண்டுதான் சேர், பின்னால குழந்தைப் பிள்ளைக்காரர் நிக்கினம்" என்று சொன்ன கடைக்காரர் அன்றைக்குக் கொஞ்சம் பகையைத்தான் சம்பாதித்தார். இன்றைக்கு அவருடைய கடைக்கு ஆள் வருகிறது. நெடுந்தீவாரைக் கேட்டால் இதை இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏற்றித்தான் அங்கே எல்லாம் போகவேண்டும். கடல் கொந்தளிக்கிற நாட்களில், அங்கே நல்ல கடை என்றால் சாமான் இருக்கிற கடை, இருப்பதைப் பழைய விலைக்கே தருகிற கடை.

கடன் கொப்பி என்று எழுதும்போது வாப்பாவை நினைக்காமல் எழுத முடியாது.

வாப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் சின்னப் பலசரக்குக் கடை. தீவுப்பகுதியிலிருந்து ரவுணுக்கு வருகிறவர்கள் பஸ் ஏறமுன் வந்து சாமான் கட்டிக்கொண்டு போவார்கள். நான் லாச்சியடியில் இருந்து சரை சுற்றிக் கொடுத்திருக்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும்போல நாங்களும் வெளியேற்றப்பட்டோம். எனக்கு அப்போது பதினொரு வயது. கடை அப்படியே கிடந்தது. வாப்பா கையில் எடுத்துக்கொண்டு வந்தவற்றில் அந்தக் கொப்பியும் இருந்தது. வழியில் அதை யாரும் பறிக்கவில்லை. வேறு யாருக்கும் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லையே. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் அதைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். உம்மா சில நேரம் கேட்பா, "இதை இன்னும் ஏன் வச்சிருக்கிறீங்க?" வாப்பா பதில் சொல்லமாட்டார். அந்தப் பெயர்களில் பாதிப்பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. தீவுப்பகுதிச் சனமும் அந்த வருசங்களில் வீடு வாசலை விட்டு ஓடித் திரிந்தவர்கள்தான்.

2002இல் பாதை திறந்த பிறகு வாப்பா ஒருமுறை யாழ்ப்பாணம் வந்து, கூரை இல்லாத கடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வாப்பா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தீவுப்பக்கத்து ஐயா ஒருவர் அடுத்த நாள் சைக்கிளில் தேடி வந்தார். "நானா, என்ரை கணக்கு எவ்வளவு எண்டு எனக்கு ஞாபகம் இல்லை. கொப்பி இருக்கோ?" கொப்பி புத்தளத்தில் இருந்தது. வாப்பா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் ஒரு தொகையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய கடன். அந்தக் காசுக்கு அப்போது என்ன வரும்? சில கிலோ சீனி வந்திருக்கும். வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அந்தக் கதையைச் சொல்லுவார். காசைப் பற்றிச் சொல்லமாட்டார். "தேடி வந்தார்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

இதை நான் எழுதுவது பழையதை நினைத்து உருகுவதற்கல்ல. கடைக்குப் போகிறவர் கடைக்காரரிடம் என்னென்ன எதிர்பார்க்கிறார் என்று ஆயிரம் பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள். கடைக்காரர் எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்பவர் குறைவு. நம்பிக்கை என்பது ஒரு பக்கத்துச் சாமான் இல்லை. பிள்ளையைத் தனிய அனுப்பக்கூடிய கடை எங்களுக்கு வேண்டும் என்றால், கொப்பியில் எழுதிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய வாடிக்கையாளர் அவருக்கு வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? சம்பளமோ வெளிநாட்டுக் காசோ வந்த கிழமை பஸ் ஏறி ரவுணுக்குப் போய்க் கைக்காசுக்குச் சாமான் வாங்குகிறோம். இல்லாவிட்டால் ஒன்லைனில் போட்டுவிட்டு, கொண்டுவருகிற பொடியன் போன் எடுக்கச் சந்திக்குப் போய் நிற்கிறோம். காசு முடிந்த கிழமை ஊர்க் கடைக்குப் போய்க் கொப்பியில் எழுதுவிக்கிறோம். காசு எல்லாம் பாலம் தாண்டிப் போகிறது, கடன் எல்லாம் ஊருக்குள் நிற்கிறது. எந்தக் கடையும் இப்படி நெடுநாள் நிற்காது. ஒருநாள் அந்தக் கதவு திறக்காது. அன்றைக்கு நல்ல கால் உள்ளவர்கள் ரவுணுக்குப் போய்விடுவோம். வளவுக்குள் தனியாக இருக்கிற அந்தத் தாய்க்கு யார் மாக் கொண்டுபோய்க் கொடுப்பது? கனடாவிலிருந்து மகன் யாருக்குப் போன் எடுப்பார்? காற்றுக் காலத்தில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? போன தவணையில் கொப்பியில் "காசு இல்லாட்டிலும் தருவினம்" என்று எழுதிய பிள்ளைகளுக்கு வகுப்பில் நான் என்ன சொல்வது?

ஆகவே இரண்டு பக்கத்துக்கும் என் வேண்டுகோள்.

கடை வைத்திருக்கும் அண்ணைமார், அக்காமார், ஐயாமாருக்கு: விலையை எழுதி ஒட்டுங்கள். கட்டிவைத்த பையைக் கேட்காமலே நிறுத்துக் காட்டுங்கள். மிச்சக் காசைக் காசாகவே கொடுங்கள். திகதி முடிந்த சாமானை ஒரு கிழமை முந்தியே எடுத்துவிடுங்கள். பழைய பாக்கியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். இவ்வளவு செய்தால் உங்களுக்குக் குளிரூட்டி தேவையில்லை.

வாங்குகிற எங்களுக்கு: ரவுணுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே கிடைக்காததை அங்கே வாங்குங்கள். ஆனால் காசு கைக்கு வந்த நாளில், பஸ் ஏறமுன், கொப்பியில் உள்ளதைக் கட்டிவிட்டுப் போங்கள். முழுக்கக் கட்ட முடியாவிட்டால் பாதியைக் கட்டுங்கள். அரிசி, மா, சீனி, பருப்பு இந்த நாலையும் மாதம் ஒருமுறையாவது ஊர்க் கடையில் கைக்காசுக்கு வாங்குங்கள். பத்து இருபது ரூபா கூட இருந்தால், அது தனிய வருகிற உங்கள் பிள்ளைக்கு அவர் செய்கிற காவலுக்கான கூலி என்று வையுங்கள். வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள், அம்மாவின் கணக்கை மாதம் முடியமுன் அனுப்பிவிடுங்கள். நீங்கள் பிந்துகிற பதினைந்து நாளும் ஒருவருடைய முதல் நிற்கிறது.

இந்தக் கிழமை சம்பளக் கிழமை. கொப்பியில் பெயர் இருக்கிற எல்லாரும், நாளைக்குப் பின்னேரம் ஒருக்கால் கடைப்பக்கம் போய்ப் பார்ப்போம்.